மூச்சு வாங்கிய ரீல்

எங்கள் ஒலிப்பதிவாளர் சங்கம் மலர் போடப் போகிறது, நீங்களும் நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத ஆரம்பிக்க எனக்குப் பயம் கிடையாது, எங்கே நிறுத்துவது என்பதுதான் தெரியாது. அதையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டேன்.

பேச்சுவாக்கில் அவர் ஒரு வருத்தம் சொன்னார். அவர் கலந்து முடித்த பாட்டு ஒன்றை மாஸ்டரிங் செய்ய மும்பைக்கு அனுப்பினாராம். இந்தக் காலத்தில் அனுப்புவது என்றால் செல்போனில் ஒரு தட்டுத் தட்டுவதுதானே. அங்கிருந்த ஆள், “மேலே கொஞ்சமும் இடம் விடாமல் சத்தத்தை நிரப்பி வைத்திருக்கிறீர்கள், நான் எங்கே கை வைப்பது?” என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். நான் சிரித்த சிரிப்பில் காபி டம்ளர் கவிழ்ந்தது. அதே வார்த்தையைச் சொல்லி அறுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸிலிருந்து டிரங்க் கால் போட்டு எங்களைத் திட்டியிருக்கிறார்கள். மாஸ்டரிங் என்ற சொல் சேலத்துக்கு வருவதற்கு முன்பே அந்த வேலைக்குப் பாட்டைத் தயார் செய்து அனுப்பியவன் நான். சேலம் ஜில்லாவில் அதில் என்னை மிஞ்சிய ஆள் அப்போது இல்லை. இப்போது இருக்கிறாரா என்பதை மலரைப் படிப்பவர்கள் சொல்லட்டும்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குரலும் வாத்தியங்களும் சரியான அளவில் கலந்து, இசையமைப்பாளர் தலையாட்டிவிட்டால் பாட்டு முடிந்தது என்று எல்லாரும் டிபன் சாப்பிடப் போய்விடுவார்கள். எங்களுக்கு அப்போதுதான் வேலை ஆரம்பமாகும். அந்த டேப் மெட்ராஸில் இருந்த ஒரு ரெக்கார்டு கம்பெனிக்குப் போகும். அங்கே சுழலும் தட்டின் மேல் ஓர் ஊசி, பாட்டு எப்படி அசைகிறதோ அப்படியே அசைந்து கோடு வெட்டும். அதுதான் தாய்த்தட்டு. கடைக்கு வரும் இசைத்தட்டுகள் அத்தனையும் அதன் பிள்ளைகள். டோலக் அடி அளவுக்கு மீறினால் ஒரு கோடு பக்கத்துக் கோட்டில் போய் முட்டும். “ஸ” என்ற எழுத்து ரொம்பச் சீறினால் ஊசி தடுமாறும். ஆகவே வெட்டுகிற இன்ஜினியர் கைக்குப் போகும் முன் பாட்டைக் குளிப்பாட்டித் தலைவாரி அனுப்ப வேண்டும். அந்தத் தலைவாரும் வேலைதான் எனக்கு.

ஊரில் பெரிய ஸ்டூடியோ ஒன்று இருந்தது. எங்களுடையது அதில்லை. முன்பு நூல் கிடங்காக இருந்த கட்டடத்தில் ஒலிப்பதிவுக்கு மட்டும் என்று தொடங்கிய சின்ன இடம். சுவரில் எதிரொலி வராமலிருக்கக் கழிவுப் பஞ்சை மூட்டை மூட்டையாக அடித்து வைத்திருந்தார்கள். அம்மாபேட்டையில் என் அப்பாவுக்குத் தறி. தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு சத்தத்தில் தூக்கம் வரும், தெருவில் ஒரு தறி நின்றால் விழிப்பு வரும். பெஞ்சு தூக்கும் வேலைக்கு வந்தேன். வயலினில் ஒரு குறிப்பிட்ட சுரம் வரும்போதெல்லாம் எங்கிருந்தோ ஒரு “கிர்ர்” கேட்டது. மைக்கை மாற்றினார்கள், ஒயரை மாற்றினார்கள், வயலின்காரரையே மாற்றலாமா என்று யோசித்தார்கள். நான் ஏணி போட்டு ஏறி, கூரைத் தகட்டில் தளர்ந்திருந்த ஒரு போல்ட்டை இறுக்கிவிட்டு இறங்கினேன். சத்தம் போய்விட்டது. மறுநாளிலிருந்து நான் பெஞ்சு தூக்கவில்லை. ஈயம் பற்றவைக்கப் படித்தேன், ஒயர் இழுக்கப் படித்தேன், டேப் மெஷின் வந்ததும் அதற்கு நான்தான் என்று ஆகிவிட்டது.

என்னை உள்ளே எடுத்தவர் எங்கள் தலைமை ஒலிப்பதிவாளர் லூர்துசாமி சார். ஒல்லியான உடம்பு, வெள்ளை பேண்ட், பிளாஸ்கில் சீரகத் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவிலில் ஆர்கன் வாசிப்பார். அவர் கத்திப் பேசி நான் கேட்டதில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லியும் கேட்டதில்லை. பாட்டு நன்றாக இருந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைப்பார். சரியில்லை என்றால் கண்ணாடியைத் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் பெரிய பெரிய வித்வான்களுக்கெல்லாம் வியர்த்துவிடும்.

கலந்து முடித்த பாட்டை அவர் மூன்று விதமாகக் கேட்பார். முதலில் பெரிய ஸ்பீக்கரில். பிறகு ஒரு பழைய ரேடியோப் பெட்டியில். கடைசியில் கதவைச் சாத்திவிட்டு வெளியே படியில் உட்கார்ந்துகொள்வார். உள்ளே பாட்டு ஓடும்.

“கதவுக்கு இந்தப் பக்கம் வார்த்தை புரியணும் கந்தா. டீக்கடையில எவன் சும்மா உக்காந்து கேக்கறான்? ஒருத்தன் வடை கேப்பான், ஒருத்தன் சண்டை போடுவான். அதையும் தாண்டிப் போவணும்” என்பார் என்னிடம்.

இன்னொரு வித்தையும் அவரிடம் இருந்தது. எந்த இசையமைப்பாளர் வந்தாலும், “இன்னும் கொஞ்சம் சத்தம் ஏத்துங்க” என்பார். ஏற்றினால் மீட்டர் முள் சிவப்பில் போய் உட்காரும், மெட்ராஸிலிருந்து திட்டு வரும். அதனால் மேஜையின் ஓரத்தில் பெரிதாக, பளபளப்பாக ஒரு திருகு வைத்திருந்தோம். எதனோடும் அதற்கு இணைப்புக் கிடையாது. நானே மாட்டியது. லூர்துசாமி சார் அதை மெதுவாக, ரொம்பப் பொறுப்பாகத் திருப்புவார்.

“ஆங், இப்ப சரியா இருக்கு பாருங்க!” என்பார் இசையமைப்பாளர்.

“இதுக்கு மேல தாங்காதுங்க” என்பார் சார்.

மெட்ராஸுக்கு அனுப்பும் டேப்பை இப்படித் தயார் செய்வோம். பாட்டின் தலைப்பில் வெள்ளை வாலை, அதாவது ஒன்றும் பதியாத வெள்ளை நாடாத் துண்டை, ஒட்ட வேண்டும். அதற்கு முன்னால் ஒரே சீரான “ஊ” என்ற ஒலியைக் கொஞ்ச நேரம் பதிய வேண்டும். ஏற்றமும் இருக்கக்கூடாது, இறக்கமும் இருக்கக்கூடாது. டோன் என்று நாங்கள் சொல்லும் இந்த ஒலியை வைத்துத்தான் அந்தப் பக்கத்து ஆள் தன் மெஷினை நம்முடைய அளவுக்குச் சரிசெய்வார். பாட்டில் எந்த இடம் உச்சமோ அதைப் பெட்டியின் மேல் எழுத வேண்டும். அந்த உச்சத்திலும் முள் சிவப்பைத் தொடக்கூடாது. பிறகு டேப்பை வேகமாகச் சுற்றாமல், பாட்டு ஓடும் வேகத்திலேயே ஒருமுறை சுற்றி, அட்டைப்பெட்டியில் நிற்க வைத்து அனுப்புவோம். படுக்க வைத்தால் சுற்று சரியும். இத்தனையும் எனக்குத் தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் வரும்.

இனி அந்தக் கதைக்கு வருகிறேன்.

சங்ககிரியில் பழனியப்பன் என்று ஒரு லாரி முதலாளி இருந்தார். லாரி வைத்துச் சம்பாதித்தவருக்குப் படம் எடுக்க ஆசை வந்துவிட்டது. கதை இன்னும் முடியவில்லை, நடிகர் யாரென்று தெரியாது, ஆனால் பாட்டு முதலில் வந்துவிட வேண்டும் என்றார்.

“நம்ம லாரி நிக்கிற டீக்கடையிலெல்லாம் பாட்டு ஓடோணுங்க. கோயமுத்தூர் ரோடு பூராப் பாட்டு ஓடுச்சுன்னா, படத்த வாங்க நாலு பேரு தானா வருவாங்கல்ல?”

முதல் பாட்டைப் பாட ஒரு புதுக்குரல் தேடினார். லூர்துசாமி சார் தயங்கித் தயங்கி, “எங்க கோவில்ல ஒரு பொண்ணு பாடும்” என்றார். அப்படி வந்தவள்தான் ஆரோக்கியமேரி. செவ்வாய்ப்பேட்டையில் தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். அப்பா ரயில்வேயில் இருந்தார். அந்தப் பாட்டோ, வேறு வாத்தியம் எதுவுமில்லாமல் தம்புரா மட்டும் வைத்துக்கொண்டு நீளமாக இழுத்துப் பாடுவதில் ஆரம்பிக்கும். அந்தப் பெண் அதை ஒரே மூச்சில் பாடினாள். நடுவில் இழை அறுபடவே இல்லை. பாடி முடித்ததும் லூர்துசாமி சார் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். அன்று எனக்கே கண்ணாடி வாங்கிக் கழற்ற வேண்டும் போலிருந்தது.

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம். மூலையில் ஒரு முக்காலியின் மேல் பெட்டியில்லாத பழைய ஸ்பீக்கர் ஒன்று கவிழ்ந்து கிடக்கும். ஸ்டூடியோ தொடங்கியபோது வாங்கிய முதல் ஸ்பீக்கர். வாய் கிழிந்துவிட்டது, ஆனாலும் ராசியானது என்று வைத்திருந்தார்கள். அதன் முதுகில் வட்டமான இரும்புக் காந்தம், தாம்பாளம் மாதிரி மேல்நோக்கி இருக்கும். பாட்டு முடிந்து ஊரை விட்டுப் போகும் முன், அதற்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, பாட்டு இருக்கும் ஃபிலிம் டப்பாவை அதன் மேல் வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். தகர டப்பாவாகையால் “டக்”கென்று ஒட்டிக்கொள்ளும். உடனே எல்லாரும், “ஏத்துக்கிட்டார்!” என்று கைதட்டுவார்கள். ஃபிலிமில் பாட்டு என்பது ஒளியால் எழுதிய கோடு. காந்தம் அதை ஒன்றும் செய்யாது. எத்தனையோ பாட்டு அந்தத் தாம்பாளத்தில் உட்கார்ந்து எழுந்து சுகமாகப் போயிருக்கிறது.

பழனியப்பன் பாட்டுக்கும் பூஜை நடந்தது. லூர்துசாமி சார் பூஜை நேரத்தில் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே படிக்குப் போய்விடுவார். நான் சுண்டல் வரிசையில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தேன். பூஜைக்கு வந்தவற்றில் இந்தப் பாட்டுதான் முதல் டேப், புது மெஷினில் பதிந்தது, அட்டைப்பெட்டியில் இருந்தது. பழனியப்பன் பெட்டியைத் தாம்பாளத்தின் மேல் வைத்தார். ஒட்டவில்லை. லேசாகத் தள்ளினால் நகர்ந்தது. அவர் முகம் செத்துப்போயிற்று.

“ஏனுங்க, சாமி ஏத்துக்கலீங்களே?”

“அட்டைப்பெட்டி எப்படிங்க ஒட்டும்?” என்றார் யாரோ.

“அதெல்லாம் ஆவாதுங்க. மொத மொதல்ல பண்றது. சித்தெ இருங்க.”

பெட்டியைப் பிரித்து ரீலை எடுத்தார். எலுமிச்சம்பழத்துக்கும் வெற்றிலைக்கும் இடம் விட்டு, ரீலை ஒரு பக்கமாகத் தாம்பாளத்தில் சாத்தி வைத்தார். அதன் மேல் ஒரு பழைய டப்பாவின் தகர மூடியைக் கவிழ்த்தார். ரீலையும் தாண்டிக் காந்தம் மூடியை இழுத்துப் பிடித்துக்கொண்டது.

“ஏத்துக்கிட்டாருங்க!” பழனியப்பன் கற்பூரத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். எல்லாரும் கைதட்டினோம். சுண்டல் நன்றாக இருந்தது.

டேப் மெட்ராஸ் போய்ச் சேர்ந்தது. சில நாள் கழித்து டிரங்க் கால் வந்தது. வெட்டுகிற இன்ஜினியர் வரதன் என்று ஒருவர், தொழிலில் பெரிய கை. லூர்துசாமி சார் போனைக் காதில் வைத்துக்கொண்டு கத்திப் பேச முடியாமல் தவித்தார்.

“மூச்சா? யாருக்கு மூச்சு? பாடற பொண்ணுக்கா? இல்லீங்க, இங்க கேக்கறப்போ… ஹலோ… சரிங்க. சரிங்க.”

போனை வைத்தார். கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

“என்னங்க சொல்றாரு?” என்றார் பழனியப்பன்.

“ஆரம்பத்துலயே பொண்ணு மூச்சு பத்தாம தவிக்குதாம். குரல் அமுங்கி அமுங்கி எழும்புதாம். இத வெட்டினா எங்க கம்பெனி பேருதான் கெடும், வேற ஆள வெச்சுப் பாட வைங்கன்னு டேப்பத் திருப்பி அனுப்பறாரு.”

பழனியப்பன் கெட்ட மனிதர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். “பொண்ணு தங்கமான பொண்ணுதானுங்க. ஆனா பெரிய எடத்துல இருந்து சொல்றாங்க. மெட்ராஸ்ல ஒரு பாட்டுக்காரம்மா இருக்காங்க. அவங்களுக்கு ஒரு கால் புக் பண்ணிப் பேசிப்போட்டு முடிவு பண்ணிக்கலாமுங்க. டேப்பு வரட்டும், நம்ம காதுலயும் ஒருக்காக் கேட்டுப்போடலாம்.”

டேப் ரயிலில் வந்து சேர்ந்த அன்று காலையில் மேரியையும் வரச் சொன்னார்கள். பழனியப்பன் மெட்ராஸ் அம்மாவுக்கு அன்றைக்கே கால் புக் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் புக் செய்தால் லைன் எப்போது கிடைக்கும் என்று சாமிக்குத்தான் தெரியும். இரண்டாவது பாட்டு, ஓர் ஆண் குரல் பாடியது, அதுவும் தயாராகி வேறொரு ரீலில் இருந்தது. அதற்கும் பூஜை போட வேண்டும் என்று பழமும் பூவும் கையோடு கொண்டு வந்திருந்தார்.

நான் டேப்பைப் போட்டேன். தம்புரா வந்தது. மேரியின் குரல் எழுந்தது. அப்புறம் அமுங்கியது. கூடவே “உஸ்” என்று இரைப்பு மாதிரி ஒரு சத்தம். மறுபடி எழுந்தது, மறுபடி “உஸ்”. மாடிப்படி ஏறிக்கொண்டே பாடுகிற மாதிரி இருந்தது. கேட்கவே சங்கடமாக இருந்தது.

மேரிக்கு முகம் சிவந்துவிட்டது. “குரல் என்னுதுதான் சார். ஆனா நான் இங்க மூச்சு விடல. இந்த எடத்துல மூச்சு விட்டா வார்த்தையே ஒடைஞ்சிடும், எனக்குத் தெரியாதா?”

“டேப்பு பொய் சொல்லுமா கண்ணு?” என்றார் பழனியப்பன், அன்பாகத்தான்.

“அப்ப நான் பொய் சொல்றேன்றீங்களா?”

ஒத்துப் பார்க்கலாம் என்றால், பாடியதற்கு வேறு பிரதி கிடையாது. வெளிநாட்டு டேப், கிடைப்பதே அரிது. மேரியின் மூலப் பதிவை அழித்து அதன் மேலேயே இரண்டாவது பாட்டைப் பதிந்துவிட்டோம். நான் லூர்துசாமி சாரை ஓரமாகக் கூட்டிப்போய், “என்ன சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நம்ம ரெண்டு பேரும் கேட்டோமில்ல?” என்றேன்.

“அவ எங்க கோவில் பொண்ணு. கூட்டிட்டு வந்தவன் நான். நான் வாயத் தெறந்தா சிபாரிசுன்னு ஆயிடும். அவளுக்குத்தான் கெட்ட பேரு” என்றார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அதில் கண்ணாடியே தேய்ந்துவிடும் போலிருந்தது.

எனக்கு அந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. நான் யாருக்கும் கோவில்காரன் இல்லை. இந்தக் காதில் அன்றைக்கு நன்றாகக் கேட்ட குரல் இன்றைக்கு மோசம் என்றால், என் காதே மோசம் என்று ஆகிறது. அதை நான் விடுவேனா? டேப்பை முழுக்கப் பின்னால் சுற்றி, பாட்டுக்கும் முன்னால், நான் பதிந்த “ஊ” ஒலியிலிருந்து போட்டேன். ஒரே சீராக வர வேண்டிய ஒலி. “ஊ… உஸ்… ஊ… உஸ்” என்றது.

“சார்! இதுக்கும் மூச்சு வாங்குது!” என்று கத்தினேன். “இது மெஷின் போடற சத்தம். இதுக்கு ஏது நுரையீரல்?”

லூர்துசாமி சார் திரும்பிப் பார்த்தார். பழனியப்பன், “கரண்டா இருக்குமுங்க. ஊருல தறி, மில்லு எல்லாம் ஒண்ணா ஓட்டறாங்கல்ல?” என்றார். மெட்ராஸில் வரதனின் ஆளும் அப்படித்தான் நினைத்தாராம். முள் ஆடியதைப் பார்த்து, சேலத்துக் கரண்ட் அப்படித்தான் என்று விட்டுவிட்டாராம். பிற்பாடு தெரிந்தது.

கரண்ட் என்றால் இஷ்டத்துக்கு ஆட வேண்டும். இது தாளம் போட்டு ஆடியது. பாட்டை ஓட விட்டேன். தறிக்காரன் பிள்ளைக்குத் தாளத்தில் சந்தேகம் வராது. ஆரம்பத்தில் “உஸ்” நிதானமாக வந்தது. பாட்டு போகப் போக நெருங்கி நெருங்கி வந்தது. புல்லாங்குழல் தனியாக வாசிக்கும் இடத்திலும் விடவில்லை. ரீலில் டேப் குறையக் குறைய ரீல் வேகமாகச் சுற்றும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வேகம்தான் இது.

“ஒரு சுத்துக்கு ஒரு உஸ் சார்.”

“சாக்பீஸ் கொண்டா” என்றார் லூர்துசாமி சார். குரலில் உயிர் வந்துவிட்டது. அமுங்கும் நேரத்தில் ரீலை நிறுத்தி, மேல் பக்கம் பார்த்திருந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். ஓட விட்டோம். கோடு மேலே வரும்போதெல்லாம் “உஸ்”.

“ரீலோட ஒரு பக்கத்துலதான் அடிபட்டிருக்கு. ஓடறப்போ இல்ல, சும்மா உக்காந்திருக்கறப்போ” என்றார். “ரயில்லயா? எங்க வெச்சீங்க இத? ஒரு பக்கமா எது மேலயாவது சாச்சு வெச்சீங்களா?”

எனக்குச் சுண்டல் ஞாபகம் வந்தது. அப்படியே மூலையைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் தலையை உடைக்கும் ஆராய்ச்சியில் சலித்துப்போன பழனியப்பன், நல்ல நேரம் போவதற்குள் இரண்டாவது பாட்டுக்குப் பூஜையை முடித்துவிடலாம் என்று எழுந்து போயிருந்தார். கையில் ரீல், கீழே தாம்பாளம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

“வெக்காதீங்க!” நான் பெஞ்சைத் தாண்டிக் குதித்து அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

“என்றா தம்பி இது! சாமி காரியத்துல கையப் புடிக்கறே!”

“அது சாமி இல்லீங்க மொதலாளி, காந்தம்! டேப்புல பாட்டு எழுதறதும் காந்தம், அழிக்கறதும் காந்தம்!”

“எத்தன பாட்டு வெச்சிருக்காங்க இது மேல? ஒண்ணும் ஆவுலியே?”

“அதெல்லாம் ஃபிலிமுங்க.”

அவர் நம்பவில்லை. நம்பாதவருக்குப் பேச்சில் புரியவைக்க முடியாது. பழைய டேப் ஒன்றில் “ஊ” ஒலியைப் பதிந்து போட்டுக் காட்டினேன். சீராக வந்தது. அதே மாதிரி ஒரு பக்கமாகத் தாம்பாளத்தில் வைத்து, மேலே தகர மூடி போட்டேன். “டக்”கென்று ஒட்டியது. இந்தமுறை யாரும் கைதட்டவில்லை. எடுத்து மறுபடி மெஷினில் போட்டேன். “ஊ… உஸ்… ஊ… உஸ்.”

பழனியப்பன் வாயில் கை வைத்துக்கொண்டார். “அப்ப பொண்ணு மூச்ச நாந்தான் தின்னுபுட்டனுங்களா?”

மேரி முதன்முறையாகச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து ஆபீஸ் அறையில் போன் மணியடித்தது. “மெட்ராஸ் லைன் கெடச்சிருச்சு, அந்தப் பாட்டுக்காரம்மா லைன்ல இருக்காங்க!” என்று குரல் வந்தது. பழனியப்பன் எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார். ஆபீஸ் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்தது. எல்லார் காதும் அங்கேதான்.

“ஆமாங்கம்மா, சங்ககிரி பழனியப்பன் பேசறனுங்க. இல்லீங்க, வேலையா ஒண்ணுமில்லீங்க. சும்மா, ஊட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டுப்போடலாம்னுதான்… ஆமாங்க, இங்க மழை இல்லீங்க… சரிங்கம்மா, வெச்சர்றனுங்க.”

திரும்பி வந்து மேரிக்கு எதிரில் நின்றார். “அம்மிணி, திருப்பி ஒருக்காப் பாடிக் குடுக்கோணும். கோவம் இருந்தா என்னைய ரெண்டு வார்த்த திட்டிப்போட்டுப் பாடு.”

“பாடறேங்க. ஆனா பூஜைய பாட்டுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. வெறும் பெட்டிக்கு” என்றாள்.

அப்படியே நடந்தது. வெறும் அட்டைப்பெட்டி தாம்பாளத்தில் உட்கார்ந்து கற்பூரம் வாங்கிக்கொண்டது. ஒட்டவில்லை என்று யாரும் கவலைப்படவில்லை. மேரி மறுபடியும் பாடினாள். முதல் தடவையைவிட இன்னும் நீளமாகவே இழுத்தாள். வேண்டுமென்றேதான் இழுத்தாள் என்று எனக்குத் தெரியும்.

அந்த ரீலை ரயில் பார்சலில் போட என் மனசு ஒப்பவில்லை. மடியில் வைத்துக்கொண்டு நானே ரயிலில் மெட்ராஸ் போனேன். பக்கத்தில் ஒருவர் ரேடியோ வைத்திருந்தார், அதில் ஸ்பீக்கர் இருக்குமே என்று வேறு பெட்டிக்கு மாறி உட்கார்ந்தேன். வரதன் சார் நான் நினைத்த மாதிரி கடுமையான மனிதர் இல்லை. டேப்பைப் போட்டுக் கேட்டார். முழுசாகக் கேட்டார்.

“யாரு இது? புது ஆளா?”

“அதே பொண்ணுதான் சார்.”

“அன்னிக்கு என்ன ஆச்சு அதுக்கு? சளியா?”

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப்பார்த்தது. பிறகு, “பாட்ட கேக்கறதுக்கு முன்னாடி டோன ஒழுங்காக் கேட்டிருந்தா, அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கும்” என்று அவராகவே சொன்னார். வெட்டிய தட்டைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். மேரி இழுத்த அந்த நீளமான இடம், ஒரே சீராக, முறுக்குப் பிரியாத நூல் மாதிரி ஓடியது. எங்கள் அப்பா பார்த்திருந்தால் எந்த ஊர்ப் பட்டு என்று கேட்டிருப்பார். “இனிமே கடைசியிலயும் ஒரு டோன் போட்டு அனுப்புப்பா. வழியில ஏதாச்சும் நடந்திருந்தா ரெண்டு பக்கமும் காட்டிக் குடுத்துடும்” என்றார். அன்றிலிருந்து நான் அனுப்பிய எந்த டேப்பிலும் தலையிலும் உண்டு, வாலிலும் உண்டு. என் டேப் ஒன்றுகூட அதற்குப் பிறகு திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய்.

பழனியப்பன் படத்தை எடுத்தாரா என்று கேட்பீர்கள். கதை முடியவே இல்லை. ஆனால் பாட்டு ஓடியது. அவர் லாரிகள் நிற்கும் ஒவ்வொரு டீக்கடைக்கும் அவரே ஒரு தட்டு இறக்கிவிட்டுப் போனார்.

ஒருநாள் மாலை லூர்துசாமி சாரும் நானும் மேரியும் சங்ககிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். எதிரே டீக்கடையில் அந்தப் பாட்டு. வடை கேட்கிற சத்தம், லாரி கிளம்பும் சத்தம், எல்லாவற்றையும் தாண்டி வார்த்தை ஒவ்வொன்றும் சாலைக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தது. லூர்துசாமி சார் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். மேரி சாலையைக் கடந்து கடைக்குப் போனாள். நாங்களும் பின்னால் போனோம்.

“நல்லாருக்குங்களே, யாருங்க பாடறது?” என்று கடைக்காரரைக் கேட்டாள்.

டீயைத் தூக்கி ஆற்றிக்கொண்டே அவர் சொன்னார்: “மெட்ராஸ் பாட்டுக்காரம்மாங்க. பேரு வாயில வரமாட்டேங்குது. ஒரே மூச்சுல எப்பிடி இழுக்கறாங்க பாருங்க! நம்ம பக்கத்துல இந்த மாதிரி மூச்சு எவளுக்குங்க இருக்குது?”

நான் வாயைத் திறந்தேன். எனக்கு அடக்கிப் பழக்கமில்லை. மேரி என் காலை நன்றாக மிதித்தாள்.

“ஆமாங்க” என்றாள் கடைக்காரரிடம். “எங்க இருக்குது? இன்னொருக்கா மொதல்ல இருந்து போடுங்க, கேக்கலாம்.”